பஸ் ஸ்டாண்டில் கூவிய சக்கரவாகம்

போன மாதம் உமையாள் போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, எங்கள் தமிழ்த்துறையில் என் நாற்காலிக்கு வந்து சேர்ந்த பெண். நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் அவள் எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"சார், ஒரு சந்தேகம். இப்ப எல்லாம் விடைத்தாள ஸ்கேன் பண்ணி ஸ்கிரீன்லதான திருத்துறோம். வலதுபக்கம் விடைக்குறிப்பு வருது. அதுல வடமொழி நாடகத் தாளுக்குக் கீழ ஒரு வரி கெடக்கு சார். 'பேருந்து நிலையம் சார்ந்த உவமையும் ஏற்கத்தக்கது, பொதுத்தன்மை விளக்கப்பட்டிருப்பின்.' இது என்னன்னு யாருக்கும் தெரியல. எடுத்துரலாமான்னு கேக்குறாக. நீங்கதான் அந்தத் தாள ரொம்ப வருசம் எடுத்தீகளாம்."

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். உமையாள் சிக்னல் போய்விட்டது என்று நினைத்து "சார், சார்" என்றாள்.

"இருக்கேம்மா. அந்த பஸ் ஸ்டாண்டு நான் கட்டுனது."

"அப்ப எழுதிக் குடுங்க சார். இலக்கிய மன்ற மலருக்கும் ஆச்சு, எங்களுக்கும் வெவரம் தெரியும்."

எழுதிக் கொடுக்கிறேன். பேசத்தான் முடியாது. இருபத்தாறு வருடம் மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடம் நடத்தியதில் தொண்டைக்குள் என்னமோ முளைத்து, டாக்டர் அதை எடுத்து, கூடவே என் குரலில் பாதியையும் எடுத்துவிட்டார். இப்போது நான் பேசினால் பழைய மரக்கதவைத் திறப்பது மாதிரி இருக்கும். வீட்டில் என் மனைவிக்கு இதனால் பெரிய வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் காளையார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம். தமிழ் படித்தேன். வடமொழி நாடகத்துக்குள் போனது முழுக்க விபத்து. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரியில் நான் சேர்ந்த வருடம், 'வடமொழி நாடகமும் அணியும்' என்று ஒரு தாள் இருந்தது. நாடகம் தமிழாக்கத்தில்தான். ஆனாலும் துறையில் யாரும் அதை எடுக்கவில்லை. கூட்டம் போட்டார்கள். நான் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தாள் என் பெயரில் இருந்தது. அதற்கப்புறம் மதுரையில் ஒருவரிடம் சனி ஞாயிறில் மூன்று வருடம் வடமொழி கற்றேன். மூலத்தை விரல் வைத்துப் படிக்கும் அளவுக்கு வந்தது. அதோடு என் பயிற்சிக் காலம் முடிந்தது.

அந்த நாடகங்களுக்குள் போனபின் எனக்குப் பிடித்துப்போனது ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொருவரும் தன் தகுதிக்குத் தகுந்த உவமைதான் பேசுவார்கள். அரசன் காதலில் விழுந்தால் நிலவு நெருப்பாகச் சுடும், தென்றல் அம்பாகக் குத்தும். பக்கத்திலேயே அவன் நண்பன், அந்தக் கோமாளிப் பிராமணன், விதூஷகன் நிற்பான். அதே நிலவு அவனுக்குத் தின்பண்டமாகத் தெரியும். அரசன் காட்டிலிருந்தும் வானத்திலிருந்தும் உவமை எடுப்பான். விதூஷகன் அடுப்படியிலிருந்து எடுப்பான். நான் எந்தக் கட்சி என்று என் மாணவர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

சிக்கல் எல்லாம் பறவைகளில் இருந்தது. நிலவொளியைக் குடித்து வாழும் சகோரம் என்றேன். "தண்ணி குடிக்காதா சார்?" என்றார்கள். சரி, போகட்டும் என்று சக்கரவாகத்துக்கு வந்தேன். ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. பகலெல்லாம் சேர்ந்தே இருக்கும். இரவானால் ஏதோ சாபத்தால் பிரிந்து, ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாக நின்று, விடியும்வரை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பாடமாக இருந்த நாடகத்தில் மூன்றாம் அங்கம். தோட்டத்து மதிலுக்கு இந்தப் பக்கம் அரசன், அந்தப் பக்கம் நாயகி. தன்னைச் சக்கரவாகத்தோடு ஒப்பிட்டு அவன் ஒரு செய்யுள் சொல்கிறான்.

வகுப்பில் ஒரு முகத்திலும் அசைவில்லை. மத்தியானம் முதல் மணி நேரம். வெயில். சாப்பாடு முடிந்து பாதிப் பேருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது.

நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன்: "இங்க பாருங்க. காரைக்குடில பழைய பஸ் ஸ்டாண்டுல அவன் நிக்கிறான். புது பஸ் ஸ்டாண்டுல அவ நிக்கிறா. ரெண்டு பேரும் போன்ல கத்துறாக. 'நான் இங்குட்டுத்தான் நிக்கிறேன், நீ எங்குட்டு நிக்கிற?' 'நானும் இங்குட்டுத்தான் நிக்கிறேன், ஒன்னயக் காணமே?' இதான் சக்கரவாகம்."

வகுப்பு எழுந்து உட்கார்ந்தது. சிரித்தார்கள். பின் பெஞ்சு தட்டியது. எனக்குக் கைதட்டல் கேட்டால் நிற்கத் தெரியாது. இன்னும் ஒரு படி மேலே போனேன். "எல்லாரும் எழுதிக்கிருங்க. பரீட்சைல இத எழுதுனா பத்துக்குப் பத்து."

எழுதிக்கொண்டார்கள்.

இனி விடைத்தாள் திருத்தும் முகாம். இன்றைக்கு ஸ்கிரீனில் திருத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் கதை புரியாது. கோடை விடுமுறையில் ஒரு கல்லூரியின் பெரிய கூடத்தில் மேசை மேசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு மேசைக்கு ஆறு பேர், அவர்களுக்கு மேல் ஒரு தலைமைத் தேர்வாளர். விடைத்தாளின் முகப்பில் பதிவு எண் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு வேறோர் எண் போட்டிருக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பிள்ளை என்று தெரியக் கூடாது. நம் கல்லூரித் தாள் நமக்கு வராது. நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம், தலைமைத் தேர்வாளர் பச்சை மையில் சரிபார்ப்பார். ஒரே கட்டில் பல தாள்களில் ஒரே மாதிரி, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத வரிகள் இருந்தால் கட்டையே தனியே எடுத்து வைத்து, ஒரு படிவம் நிரப்பித் தேர்வுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகம். அப்புறம் விசாரணை. அது முடியும்வரை அத்தனை பேருக்கும் முடிவு நிறுத்தி வைக்கப்படும். மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும்.

எங்கள் மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் லோகநாயகி அம்மா. சிவகங்கையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். வடமொழியும் தமிழும் ஒரே எடையில் தெரிந்தவர். கையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர், ஒரு மர அடிக்கோல். அந்த அடிக்கோலை விடைத்தாளில் ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். பிள்ளைகள் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். பேச்சும் குறைவு. பெரும்பாலும் 'ம்' மட்டும்தான். அதில் மூன்று வகை உண்டு. மேலே ஏறும் 'ம்' என்றால், சொல்லுங்க, கேட்கிறேன். வெட்டினாற்போல வரும் 'ம்' என்றால், தப்பு, திரும்பப் பாருங்க. மூன்றாவது, நீளமாகக் கீழே இறங்கி அடங்கும் 'ம்'. அது வந்தால் மதிப்பெண் போடலாம் என்று அர்த்தம். ஆறு வருடத்தில் நான் அதை நாலைந்து தடவை கேட்டிருப்பேன். என் திருத்தலுக்கு ஒரு தடவைகூட இல்லை.

அன்று எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் செல்வராஜ். வேறு மாவட்டத்துக்காரர். பத்தரை மணி இருக்கும். திடீரென்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங்க கருப்பையா, ஒங்க காரைக்குடில பழைய பஸ் ஸ்டாண்டுல சக்கரவாகம் இருக்காம்ல? புது பஸ் ஸ்டாண்டுல அதோட ஜோடி நிக்குதாம். அரசன் சொல்றான்னு எழுதி வச்சிருக்கு ஒரு பிள்ள!"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூன்று விநாடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம் ஜோக்கு பரீட்சை வரைக்கும் போயிருக்கிறதே என்று.

செல்வராஜ் அடுத்த தாளைத் திருப்பினார். "அட, இதுலயும் இருக்கு." அதற்கடுத்ததும். நான்காவது தாளில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, இங்க கொஞ்சம் பாருங்க" என்று கட்டோடு லோகநாயகி அம்மாவிடம் கொண்டுபோனார்.

அம்மா அடிக்கோலை வைத்து வாசித்தார். கட்டில் முப்பத்தொரு தாள். இருபத்தெட்டில் பஸ் ஸ்டாண்டு இருந்தது. 'நான் இங்குட்டுத்தான் நிக்கிறேன்' என்ற வரி ஓர் எழுத்து பிசகாமல் இருந்தது. அம்மா கட்டைக் கயிற்றால் கட்டி மேசையின் ஓரத்தில் தனியே வைத்தார். உறையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். "நாளைக்குப் பன்னெண்டு மணித் தபால்ல போகணும்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

என் முன்னால் இருந்த தாளில் நான் என்ன திருத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நல்லதே நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் வகுப்பில் முப்பத்தொரு பேர். ஒவ்வொரு முகமாக வந்துபோனது. கடைசியில் ஒரு முகம் நகராமல் நின்றது. சித்ரா. நேமத்தான்பட்டி. கல்யாணமாகி, நின்றுபோன படிப்பைத் திரும்பத் தொடர்ந்தவள். கணவர் சிங்கப்பூரில் வேலை. பி.எட். சேர இடம் வாங்கி வைத்திருந்தாள். ஜூன் மாதம் தேர்ச்சிச் சான்றைக் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். 'இந்த ஒரு வருசந்தான் சார் வீட்டுல கேட்டுருக்கேன், அடுத்த வருசம் விட மாட்டாக' என்று என்னிடமே சொல்லியிருந்தாள். விசாரணை மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். எலுமிச்சைச் சாதம். வாங்கி மேசையிலேயே வைத்துவிட்டேன். நான் எழுந்து சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எந்தக் கல்லூரித் தாள் என்று தெரிந்துவிட்டதாக ஒத்துக்கொள்வது முதல் குற்றம். என் மாணவர்களுக்குப் பரிந்து பேசுவதாகத் தோன்றுவது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. கல்லூரியில் இவன் இப்படித்தான் பாடம் நடத்துகிறானா என்று ஒரு கூடமே தெரிந்துகொள்ளும். வாழ்க்கையில் எல்லோரையும் சிரிக்க வைத்தவனுக்கு, எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றால் மட்டும் தாங்காது. இதுவே ஒரு ஜோக்குதான். அப்போது தெரியவில்லை.

லோகநாயகி அம்மா தனியே உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அம்மா, அந்தக் கட்டு எங்க காலேஜு."

'ம்' மேலே ஏறியது. "நம்பரக் கிழிச்சிருக்கே. நீங்க எப்படிச் சொல்றீக?"

"அந்த பஸ் ஸ்டாண்டு நான் சொன்னதும்மா. வகுப்புல தூங்குனாங்கன்னு ஒரு ஜோக்கு அடிச்சேன். எழுதிக்கிருங்கன்னும் சொன்னேன். பத்துக்குப் பத்துன்னும் சொல்லிட்டேன். யாரும் பாத்து எழுதலம்மா. எல்லாரும் என்னயப் பாத்துத்தான் எழுதிருக்காக."

அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்க்கை மூடினார். திருகி முடிக்க அவருக்கு ஆன நேரத்தில் எனக்கு நரை கூடியது.

"வாயால சொன்னா நான் எழுத முடியாது கருப்பையா. உங்க வாயாலதான இந்த வினையே வந்துச்சு. தேர்வுக்கு முன்னாடி வகுப்புல எழுதுன நோட்டு வேணும். தேதி போட்டிருக்கணும். பாடக் குறிப்பேடு எழுதிருக்கீகளா?"

பாடக் குறிப்பேடு என்பது ஆசிரியர் அன்றன்றைக்கு நடத்தியதை அன்றன்றைக்கு எழுதுவது. நான் அதைப் பருவம் முடிகிற அன்று ஒரே உட்காரலில், நாலு நிறப் பேனாவை மாற்றி மாற்றி எழுதுகிறவன். அதில் சக்கரவாகமும் கிடையாது, பஸ் ஸ்டாண்டும் கிடையாது. 'அணிகள் – தொடர்ச்சி' என்று மட்டும் இருக்கும். என் முகத்தைப் பார்த்தே அம்மா புரிந்துகொண்டார். வெட்டினாற்போல ஒரு 'ம்'.

"அப்ப ஒரு மாணவர் நோட்டு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் மேசைல இருக்கணும். எதுக்குன்னு அவங்ககிட்ட சொல்லக் கூடாது. அது ரகசியம்."

சாயங்காலம் முகாம் வாசலில் நின்றே போன் போட ஆரம்பித்தேன். முதலில் வகுப்புத் தலைவன்.

"நோட்டா சார்? பரீட்ச முடிஞ்ச அன்னைக்கே பழைய பேப்பர் கடைல போட்டாச்சே. ஒங்க நோட்டு கனமா இருந்துச்சு சார், நல்ல வெல."

இரண்டாவது ஒருத்தி. "கிழிச்சுப் பறக்கவிட்டோம் சார், கடைசிப் பரீட்ச அன்னைக்கு. நீங்ககூட மாடில நின்னு பாத்துச் சிரிச்சீகளே."

ஆமாம். சிரித்தேன். அதில் என் சக்கரவாகமும் பறந்திருக்கிறது.

ஏழெட்டுப் பேருக்கு அப்புறம்தான் சித்ராவைக் கூப்பிட எனக்கு மனசு வந்தது. அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "இருக்கு சார். நான் எதையும் போட மாட்டேன். வாங்க."

டவுன் பஸ் பிடித்து நேமத்தான்பட்டியில் இறங்கினேன். அவள் மாமனார் அங்கே ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். சொந்தக்காரர்கள் சென்னையில். அந்த வீட்டோடு ஒட்டித்தான் இவர்கள் குடியிருப்பு. அடையாளம் சொல்லியிருந்தாள். கண்டுபிடித்துப் பெரிய வாசலில் நின்று கதவைத் தட்டினேன். பதில் இல்லை. போன் செய்தேன்.

"சார், வந்துட்டீகளா? நான் வாசல்லதான் நிக்கிறேன்."

"நானும் வாசல்லதாம்மா நிக்கிறேன். ஒன்னயக் காணமே?"

"இங்குட்டுத்தான் சார் நிக்கிறேன். பச்சைக் கதவு."

"இங்குட்டு எங்குட்டு? இங்க கதவு தேக்குல்ல?"

போனில் ஒரு நிமிடம் இரண்டு பேரும் கத்தினோம். அப்புறம்தான் உறைத்தது. அந்த ஊர் வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நான் இந்தத் தெருவில், அவள் அந்தத் தெருவில், நடுவில் ஒரு முழு வீடு. போனின் மறுமுனையில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான் சிரிக்கவில்லை. என் ஜோக்கு என்னைத் தேடி நேமத்தான்பட்டிக்கே வந்துவிட்டது என்று பயமாக இருந்தது.

சுற்றிக்கொண்டு போனேன். சித்ராவின் மாமியார் முந்திக்கொண்டு வந்தார். "என்ன சார், எங்க மருமக பெயிலா?"

"அதெல்லாம் இல்லத்தா. ஒரு நோட்டு வேணும், மாதிரிக்கு."

"நோட்டு வாங்க வாத்தியாரே வீடு தேடி வருவாகளா?" கேள்வி நியாயமானது. தண்ணீர் கேட்டேன்.

சித்ரா நோட்டைக் கொண்டுவந்தாள். அட்டை போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதி. அந்தப் பக்கத்தை எடுத்தேன். அன்று நான் பேசியது அப்படியே இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு, இங்குட்டு, எங்குட்டு. 'பரீட்சைல இத எழுதுனா பத்துக்குப் பத்து' வரைக்கும் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், நாடகத்தில் வருகிற மாதிரியே, (சார் சிரிக்கிறார்).

"நீங்க சொன்னது ஒண்ணு விடல சார்" என்றாள். அப்புறம் மாமியார் உள்ளே போகிறவரை காத்திருந்துவிட்டு, குரலைத் தணித்தாள். "எங்க பேப்பர்ல ஏதும் வில்லங்கமா சார்?"

"இல்லம்மா."

"ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது சார். ஜோக்குதான் வரும்."

நான் நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில்தான் முழுப் பக்கத்தையும் பார்த்தேன். என் ஜோக்குக்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில், எனக்காக இல்லாமல் தனக்காக அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள்: 'அந்தப் பறவைக்கு விடிஞ்சா சேரலாம்னு தெரியும். தெரிஞ்சதுனாலதான் ராத்திரி பூரா கத்த முடியுது.'

பத்து வருடம் அந்தச் செய்யுளை நான் நடத்தியிருக்கிறேன். இந்த இரண்டு வரியை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே நோட்டு அம்மாவின் மேசையில் இருந்தது. அம்மா தேதியைப் பார்த்தார். அடிக்கோலை வைத்தார். வரி வரியாக இறக்கினார். (சார் சிரிக்கிறார்) என்ற இடத்தில் அடிக்கோல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். வெட்டினாற்போல 'ம்'. மறுபடி இறங்கினார். பென்சில் வரிகளுக்கு வந்ததும் அடிக்கோல் நின்ற இடத்திலேயே நின்றது. கட்டை அவிழ்த்தார். எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஏதோ ஒரு தாளில் நெடுநேரம் இருந்தார்.

"ம்."

நீளமாகக் கீழே இறங்கி அடங்கியது.

அப்புறம் ஆறு பேரையும் கூப்பிட்டுப் பேசினார். லோகநாயகி அம்மா தொடர்ந்து பத்து வாக்கியம் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

"மத்த கட்டுகள்ல பாதிப் பிள்ளைக சக்கரவாகம்னா அன்றில்னு எழுதிருக்கு. நாமளும் அரை மதிப்பெண் குறைச்சுட்டுப் போய்ட்டோம். அன்றில் ஜோடி பிரிஞ்சா செத்துப்போகும். சக்கரவாகம் பிரிஞ்சா காத்திருக்கும். அரசன் சாகப்போறேன்னு சொல்லல, காத்திருக்கேன்னு சொல்றான். அதான் நாடகம் மூணாவது அங்கத்தோட முடியாம மேல போகுது. இந்தக் கட்டுல பறவையத் தப்பா எழுதின பிள்ளைககூட காத்திருக்கிறதச் சரியா எழுதிருக்கு. ரெண்டு பேரு, ரெண்டு எடம், நடுவுல கூப்பாடு. உவமைக்கும் பொருளுக்கும் பொதுவா இருக்கிற தன்மை அதான. அத வெளக்கினவுங்களுக்கு அதுக்குரிய மதிப்பெண் உண்டு. அரசன் பஸ் ஸ்டாண்டுல நின்னான்னு எழுதினவுங்களுக்கு அந்த வரிக்குக் கெடயாது. இது காப்பி இல்ல. படிவம் வேண்டாம்."

செல்வராஜ் கேட்டார், "பஸ் ஸ்டாண்டெல்லாம் உவமையாம்மா?"

"அந்தக் காலத்து நாடகக்காரர் வீட்டுப் பக்கத்துல ஆறு இருந்துச்சு. இவுங்களுக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கு" என்றார் அம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "விதூஷகன் சொல்ற உவமைக்கும் நாடகத்துல எடம் இருக்கு கருப்பையா. ஆனா அவன் சொன்னத அரசன் சொன்னதா யாரும் எடுத்துக்கக் கூடாது. எது யாரு பேச்சுன்னு பிரிச்சுச் சொல்றதுக்குத்தான் நம்மளுக்கு வேலை குடுத்துருக்காக. நீங்க அதச் சொல்லாம விட்டுட்டீக. எந்திரிச்சு நின்னு அந்த ஜோக்க இவுங்களுக்குச் சொல்லுங்க."

நின்றேன். சொன்னேன். பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு, இங்குட்டு, எங்குட்டு. ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அந்த ஜோக்கு எடுபடாமல் போன ஒரே இடம் அதுதான். சொல்லி முடித்ததும் அம்மா, "உட்காருங்க. பிள்ளைக ஏன் ஒரு எழுத்து விடாம எழுதுச்சுன்னு இப்ப எனக்குப் புரிஞ்சுது" என்றார். அந்தக் கட்டு முப்பத்தொன்றையும் சாயங்காலம்வரை அவரே பச்சை மையில் திருத்தினார். என்னைப் பக்கத்தில் வர விடவில்லை.

நடந்ததை அம்மா எழுதி அனுப்பியதில் எனக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது. 'கவனக்குறைவான கற்பித்தல்.' எங்கள் முதல்வர் அதை வாசித்துவிட்டு, இத்தனை நாள் இதற்குச் சரியான சொல் கிடைக்காமல் தவித்தேன் என்றார். அதற்கப்புறம் நான் வகுப்பில் ஜோக்கு அடிப்பதை நிறுத்தவில்லை. அது என்னால் ஆகாது. ஒவ்வொரு ஜோக்குக்கும் பின்னால், "இது நான் சொன்னது, நாடகத்தில் இல்லை, அங்கே இருப்பது இது" என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் பஸ் ஸ்டாண்டு. பாடக் குறிப்பேட்டையும் அன்றன்றைக்கே எழுதினேன். ஒரே நிறப் பேனா.

முடிவு வழக்கமான நாளில் வந்தது. சித்ரா பி.எட். சேர்ந்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பின்வாசலுக்கே நேராகப் போனேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது காளையார்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. கணவரும் ஊரோடு வந்துவிட்டார். இந்தக் கட்டுரை வந்தால்தான் அவளுக்கு முழு விஷயமும் தெரியும். சித்ரா, அந்தப் பென்சில் வரி உன்னுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அடுத்த வருட முகாமில் விடைக்குறிப்பு கொடுத்தபோது, அச்சடித்த பக்கத்தின் அடியில் பச்சை மையில் ஒரு வரி இருந்தது. பேருந்து நிலையம் சார்ந்த உவமையும் ஏற்கத்தக்கது. அதற்கடுத்த வருடம் அதையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்கள். அப்படியே ஸ்கிரீன் வரைக்கும் வந்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதி உமையாளுக்கு அனுப்பினேன். நேற்றுக் கூப்பிட்டாள்.

"படிச்சேன் சார். ஆனா ஒண்ணு. இப்ப யாரும் பஸ் ஸ்டாண்டு மாறி நிக்கிறதில்ல. லொகேஷன் அனுப்பிர்றாக. பிள்ளைகளுக்கு ஒங்க பஸ் ஸ்டாண்டும் அந்தக் காலத்து ஆறு மாதிரிதான். எடுத்துரலாம்னு சொல்லப்போனேன். அதுக்குள்ள ஒரு தாள் வந்துச்சு சார் ஸ்கிரீன்ல. யாருன்னு தெரியாது. எந்த ஊருன்னும் தெரியாது."

"என்ன எழுதிருக்கு?"

"வாசிக்கிறேன் சார். 'சக்கரவாகம் ஆற்றின் இரு கரையில் நின்று கூவும் என்பது கவி மரபு. இன்று அது, நாம் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கிலேயே நிற்பது போன்றது. அவர் போன் அணைந்திருக்கிறது. காலையில் போட்டால் இரண்டு டிக் விழும் என்று தெரிந்துதான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம்.' இதுக்கு மதிப்பெண் போடலாமா சார்? குறிப்புல பஸ் ஸ்டாண்டுதான இருக்கு."

எது கவி மரபு, எது தன் பேச்சு என்று அந்தப் பிள்ளை பிரித்து எழுதியிருந்தது. காத்திருப்பதும் இருந்தது, விடியப்போவதும் இருந்தது. சொல்வதற்கு எனக்கு நிறைய வந்தது. தொண்டைதான் விடவில்லை. அதற்கு இப்போது ஒரே ஒரு சத்தம்தான் ஒழுங்காக வரும்.

"ம்" என்றேன், நீளமாக, கீழே இறக்கி.